தாழ்ப்பாள் இல்லாத கதவு

நல்ல நாற்காலி என்றால் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அதை மறந்துவிட வேண்டும். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் மர நாற்காலி அந்த ரகம் அல்ல. பின்னங்கால் ஒன்று குட்டை. வருகிறவர்கள் சீக்கிரம் கிளம்பட்டும் என்று என் மருமகள் அதைச் சரிசெய்யாமலே வைத்திருக்கிறாள். நான் உட்கார்ந்திருப்பது இரும்பு மடக்கு நாற்காலி. பத்தொன்பது வருஷம் என் வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று வண்டி, பை, ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். இது மட்டும் என்னுடைய சொந்தக் காசு. அதனால் என்னோடு வந்துவிட்டது.

பல்கலைக்கழகத்திலிருந்து வருவதாகச் சொன்னீர்கள். சிறுகடன் வறுமையைக் குறைக்கிறதா என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே ஐந்து கட்டம். 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற முதல் கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள் அம்மா. குறைக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். எப்படிக் குறைகிறது என்று எழுத உங்கள் தாளில் இடம் விடவில்லை. அதை வாயால் சொல்கிறேன். எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம்.

எங்கள் நிறுவனத்தில் பெண்களுக்குத்தான் கடன். ஐந்து பேர் ஒரு குழு, நான்கு குழு சேர்ந்தால் ஒரு மையம். வாரத்துக்கு ஒரு நாள் இருபது பேரும் ஓரிடத்தில் கூடுவார்கள், நான் போய்த் தவணை வாங்குவேன். அடமானம் கிடையாது என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உண்மைதான். நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம். ஒருத்திக்கு அடமானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் பெரிய மூளைக்காரராக இருக்க வேண்டும். கடனைக் கேட்டு வீட்டு வாசலில் நிற்பதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். அண்டை வீட்டுக்காரி சம்பளம் இல்லாமலே நிற்பாள்.

அதற்கு மேல் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோருடைய தவணையும் என் பைக்குள் வந்து சேரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. நிறுவனத்தின் விதிப் புத்தகத்தில் தேடினால் இது அகப்படாது. விதி என்று எழுதினால் யாராவது ஒரு வக்கீல் வந்து கேள்வி கேட்பான். வழக்கத்தை யாரும் கேட்பதில்லை.

கூட்டத்தில் ஊழியரும் பாயில்தான் உட்கார வேண்டும், நாமெல்லாம் சமம் என்று தெரிய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். எனக்கு முழங்கால் மடங்காது. ஒரு மையத்தில் சர்க்கஸ் கரடி உதைத்தது என்று சொல்லியிருந்தேன். இன்னொரு மையத்தில், ரயில் வரும்போது தண்டவாளத்தில் நின்ற குழந்தையைத் தூக்கப் போய் அடிபட்டது என்று சொன்னேன். அந்த மையத்தில் எனக்கு மரியாதை அதிகம். நடந்தது என்னவோ குளியலறையில் வழுக்கி விழுந்ததுதான். எப்படியோ நாற்காலி நிலைத்தது. பெண்கள் என்னை நாற்காலிக்காரர் என்றார்கள். பிள்ளைகள் நாற்காலி மாமா என்றார்கள். வண்டிச் சத்தம் கேட்டால் தெரு முனையிலிருந்தே 'நாற்காலி மாமா, நாற்காலி மாமா' என்று பின்னால் ஓடிவருவார்கள். சட்டைப்பையில் புளிப்பு மிட்டாய் வைத்திருப்பேன். பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளலாம்.

ஆட்டைப் பற்றிச் சொன்னால்தான் இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிபடும். கடன் வாங்கியவள் அதை எதில் போட்டாள் என்று ஒரு மாதத்துக்குள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். பாதிப் பேர் ஆடு வாங்கப்போவதாக எழுதிக் கொடுப்பார்கள். பணம் போவது பழைய கடனுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஒழுகுகிற கூரைக்கு. ஆனால் படத்தில் ஆடு வேண்டுமே. ஒரு மையத்தின் தலைவி பெட்டிக்கடைக்காரி, அவளிடம் கறுப்பு ஆடு ஒன்று இருந்தது, நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு. நான் ஒரு வீட்டில் டீ குடித்து முடிப்பதற்குள் அது பின்சந்து வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்க் கட்டுத்தறியில் நிற்கும். ஆரம்பத்தில் இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அதுவே வழி கற்றுக்கொண்டது. என் கையில் கேமராவைக் கண்டால் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். தன் முகத்தில் எந்தப் பக்கம் எடுப்பு என்று அதற்குத் தெரியும். ஆண்டறிக்கையின் அட்டையில்கூட வந்தது. மூன்றாம் வருஷம் அது செத்தபோது எங்கள் ஏட்டின்படி நாற்பத்திரண்டு ஆடுகள் ஒரே காலையில் செத்தன. தலைமையகத்துக்குச் சொல்லவில்லை. கொள்ளை நோய் என்று நினைத்து டாக்டர்களை அனுப்பிவிடுவார்கள்.

சிரிக்கிறீர்கள். இதில் ஆடு செத்தது மட்டும் பொய். விற்றுவிட்டார்கள். மற்றதெல்லாம் நிஜம்.

இப்போது அந்த மையம் கூடிய அறையைச் சொல்கிறேன். மாவு மில்லை ஒட்டி மூட்டை அடுக்குகிற அறை ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒரே கதவு, அதுவும் முற்றத்தைப் பார்த்தது. பின்சந்துப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கம்பி ஜன்னல். சுவரில் எப்போதோ முடிந்துபோன வருஷத்தின் காலண்டர். மூலையில் எலிப் புழுக்கை, மாவு வாடை, இருபது பேரின் வேர்வை வாடை. பெண்கள் மில் சுவரோரமாகப் பாய் விரித்து வரிசையாக உட்காருவார்கள். நான் கதவோரம் நாற்காலியைப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொள்வேன். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இதை நினைவில் வையுங்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கூட்டத்தில்கூட நான் கதவைப் பூட்டியதில்லை. தாமதமாக வருகிறவள் தட்டினால் நாற்காலியை ஒரு சாண் நகர்த்துவேன், ஒருக்களித்து உள்ளே வருவாள். காற்றடிக்கிற நாளில் கதவு சும்மா சும்மா முதுகில் வந்து இடிக்கும்.

எனக்கு ஒரே ஒரு அருவருப்பு உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். ஈர நோட்டு. அவர்கள் பணத்தை எங்கே செருகி வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சுருட்டி, வேர்வையில் நனைந்து, சூடு ஆறாமல் என் கைக்கு வரும். விரித்து எண்ண வேண்டும். எச்சில் தொட்டு எண்ணுகிற ஊழியர்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். கூட்டம் முடிந்ததும் மில் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவேன். ஒரு தடவை போதாது.

அந்த மையத்தில் பொத்தான்காரி என்று ஒருத்தி இருந்தாள். சட்டைக்குப் பொத்தான் தைப்பது தொழில். தொழிற்சாலையிலிருந்து சட்டைகள் மூட்டையாக வரும், வீட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பாள். புருஷன் வெளியூரில் மூட்டை தூக்கினான். மூன்று பிள்ளைகள். மூத்த பெண்ணுக்கு ஏழு வயது, நடுவில் ஒரு பையன், கடைசி கைக்குழந்தை, எட்டு மாதம். வாங்கிய கடனில் நிஜமாகவே மெஷின் வாங்கிய ஒரே ஆள் அவள்தான். பொத்தான் தைக்கிற மெஷின். படம் எடுக்கப் போனபோது துடைத்து, பொட்டலம் பிரிக்காத எண்ணெய்ப் புட்டியோடு மேசைமேல் வைத்திருந்தாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆட்டைத் தேடிப் பழகியவன் அல்லவா. ஐந்து மாதம் ஓடியது. பிறகு தொழிற்சாலைக்காரன் அவளுடைய மெஷினைப் போலப் பத்து மெஷின் வாங்கித் தன் இடத்திலேயே போட்டுக்கொண்டான். சட்டை மூட்டை வருவது நின்றது. பாதி விலைக்கு மெஷினை விற்றுத் தவணை கட்டினாள். அது தீர்ந்ததும் இன்னொரு கடன் வாங்கித் தவணை கட்டினாள். கட்டாத வாரம் ஒன்றுகூட இல்லை. என் ஏட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு கிடையாது. இதையும் உங்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குத் தொடங்கினோம். பொத்தான்காரி முதல் ஆளாகத் தவணையை வைத்துவிட்டுக் குனிந்து என்னிடம் சொன்னாள்.

"சார், சின்னதுக்கு நேத்திலிருந்து காய்ச்சல். மூத்தவகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். இன்னிக்கு மட்டும் சீக்கிரம் முடிச்சுடுங்க."

"முடிக்கிறது என் கையிலயா இருக்கு? எல்லாரும் கட்டினா எட்டு மணிக்கே முடிஞ்சுடும்" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

எட்டு மணிக்கு ஒருத்தியைத் தவிர எல்லோரும் கட்டியிருந்தார்கள். மிஞ்சியவள் பழைய பேப்பர், இரும்பு எடுத்து விற்பவள். பாதித் தவணைதான் கொண்டுவந்திருந்தாள். தொடர்ந்து நான்காவது வாரம். முன் மூன்று வாரமும் மற்றவர்கள் போட்டுக் கட்டியிருந்தார்கள். எனவே அன்று பேச்சு கொஞ்சம் காரமாகவே இருந்தது. அவள் குழுவில் ஒருத்தி சொன்னாள், "போன வாரம் உனக்காக கேஸ் சிலிண்டருக்கு வச்சிருந்த காசைப் போட்டேன். விறகை ஊதி ஊதி என் கண்ணே அவிஞ்சு போச்சு. இந்த வாரம் எதை ஊதச் சொல்ற?" இன்னொருத்தி, "அவ புருஷனை எடைக்குப் போட்டாகூட பழைய இரும்பு விலைக்குத்தான் போவான்" என்றாள். பழைய பேப்பர்காரியே சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு அழுதாள். அவளுடைய அண்ணன் செங்கல் சூளையில் வேலை செய்கிறவன், அவனுக்குப் போன் போட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வர முடியும் என்றான்.

மதியம் என்றால் மதியம். எனக்கு அவசரம் இல்லை.

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் பொத்தான்காரி எழுந்து வந்து என் எதிரில் நின்றாள்.

"சார், கொஞ்சம் நகருங்க. நான் போயிட்டு ஆஸ்பத்திரில காட்டிட்டு ஓடி வந்துடறேன்."

நான் கோபப்படவில்லை. நான் யாரிடமும் சத்தம் போட்டதில்லை. நிதானமாகச் சொன்னேன்.

"உன் தவணை வந்துடுச்சும்மா. உன்னை யாரு புடிச்சு வச்சிருக்கா? ஆனா நீ போனா இவங்க எல்லாரும் போவாங்க. அப்புறம் பாக்கியை யாரு கட்டுறது? அவங்களைக் கேளு. சரின்னு சொன்னா போ."

அவள் திரும்பிப் பதினெட்டுப் பேரையும் பார்த்தாள். பழைய பேப்பர்காரியைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவள் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பதினெட்டுப் பேரும் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தலைவி, அந்தப் பெட்டிக்கடைக்காரி, தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"உக்காருடி. இவ்வளவு நேரம் உக்காந்தாச்சு. சாரு எந்திரிக்க மாட்டாரு. எந்திரிச்சாலும் நாற்காலி கூடவே ஒட்டிக்கிட்டு வரும்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொத்தான்காரி போய் உட்கார்ந்தாள். ஆக அவளைத் தடுத்தது யார் என்று நீங்கள் கேட்டால், அவளுடைய சொந்தக் குழுதான். பிறகு நடந்த விசாரணையில் தலைவியும் அதை ஒப்புக்கொண்டாள்.

நான் எழுந்து வழிவிட்டிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. யோசித்துப் பாருங்கள். அன்று ஒருத்தியின் காய்ச்சலுக்காக எழுந்திருந்தால், அடுத்த செவ்வாய்க்கிழமை இருபது வீட்டிலும் காய்ச்சல் வந்திருக்கும். ஏழைகளுக்குப் பணத்தைவிட ஒழுங்குதான் முக்கியம் என்று பயிற்சியில் சொன்னார்கள். பணம் செலவாகிவிடும், ஒழுங்கு உடம்பில் தங்கும்.

ஒன்பது மணிக்கு மில் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது வாயசைவில்தான் தெரியும். சுவர் அதிரும், மேலிருந்து மாவு உதிரும். சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களின் தலையெல்லாம் நரைத்துப் போனது மாதிரி இருந்தது. ஒவ்வொருத்தியாக முந்தானையை அவிழ்த்து, சுருக்குப் பையை உதறி, இருந்த சில்லறையைப் பாயின் நடுவில் போட்டார்கள். ஒருத்தி பேருந்துக்கு வைத்திருந்ததைப் போட்டாள். தலைவி கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்ததில் ஒரு நோட்டைப் போட்டாள். போதவில்லை.

ஒன்பதரைக்குப் பொத்தான்காரி மறுபடி என்னிடம் வந்தாள். ரவிக்கைக்குள் கையை விட்டு மடித்த நோட்டுகளை எடுத்து என் மடியில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு வைத்திருந்தது. வாயசைவில் புரிந்தது: இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முடித்துவிடுங்கள்.

நோட்டு நனைந்திருந்தது. வேர்வை அல்ல. காலையிலிருந்து குழந்தைக்குக் கொடுக்காத பால் கட்டிப்போய், ரவிக்கையின் முன்பக்கம் முழுவதும் ஊறியிருந்தது. அந்த வாடை, புளித்த பால் வாடை, என் விரலில் ஏறிக்கொண்டது. நுனி விரலால் பிரித்துத் தொடைமேல் காயவைத்து எண்ணினேன். எண்ணாமல் பையில் போட முடியாது. அப்படியும் குறைந்தது. எவ்வளவு என்றால், அன்று காலையில் வரும் வழியில் நான் குடித்த இரண்டு டீயும் ஒரு பன்னும் என்ன விலையோ, அவ்வளவு.

ஆமாம், என் சட்டைப்பையில் அதைப் போலப் பத்து மடங்கு இருந்தது. ஊழியர் தன் கைக்காசைப் போட்டுத் தவணையை நிரப்பக் கூடாது. இது வழக்கம் அல்ல, விதி. புத்தகத்தில் பக்கம் முப்பத்தொன்று. தேடினால் அகப்படும்.

விரலை உயர்த்திக் குறை எவ்வளவு என்று காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்துவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள், மடியில் பிள்ளை இருப்பது மாதிரி.

பத்து மணிக்கு மேல் காற்று எழுந்தது. கதவு மூன்று தடவை முதுகில் இடித்தது. பலமான காற்று இல்லை. நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பதினொன்றே முக்காலுக்குச் செங்கல் சூளை அண்ணன் வந்தான். பின்சந்தில் நின்று, எகிறி, ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டான். செம்மண் படிந்த கை, அதில் ஒரு நோட்டு. பழைய பேப்பர்காரி குதித்து அதைப் பிடுங்கினாள். நான் எண்ணி, ரசீது போட்டு, மீதிச் சில்லறையைக் கொடுத்து, ஏட்டில் கையெழுத்து வாங்கினேன். 'நன்றி' என்று சொல்லிவிட்டு எழுந்து நாற்காலியை மடக்குவதற்குள் பொத்தான்காரி என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். செருப்பைக்கூடப் போடவில்லை. நான் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன். மூன்று தடவை.

குழந்தை போய்விட்டது. வலிப்பு வந்திருக்கிறது. பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் என்று சொன்னார்கள். இரண்டு மணி நேரம் முன்னால் தூக்கி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாராம். டாக்டர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

தெருவில் கொஞ்சம் சலசலப்பு இருந்ததால் தலைமையகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். நல்ல மனுஷர், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு அறைக்குள் வந்தார். கதவு பூட்டியிருந்ததா என்று கேட்டார். "தாழ்ப்பாளே கிடையாது சார், நீங்களே பாருங்க" என்றேன். பார்த்தார். தாழ்ப்பாள் இல்லாத கதவைப் படம் எடுத்துக்கொண்டார். யாரும் யாரையும் அடைத்துவைக்கவில்லை என்று அறிக்கை எழுதினார். என் ஆட்டுப் படத்தைவிட அவருடைய கதவுப் படம் தெளிவாக வந்திருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பொத்தான்காரி வந்தாள். வரமாட்டாள் என்று தலைவி பந்தயமே கட்டியிருந்தாள். வந்து, தவணையை என் மடியில் வைத்துவிட்டு, நின்றாள். ஏதாவது திட்டுவாள், முகத்தில் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். கைக்குட்டைகூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் என் நாற்காலியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் உட்கார்ந்தாள். அடக்கத்துக்குக் கைமாற்று வாங்கியிருந்தாள், அதை அடைக்க வேண்டும். எங்களிடம் அவசரக் கடன் என்று ஒன்று உண்டு. நானே படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அந்த மாதம் எனக்கு இலக்கில் ஒரு கடன் குறைந்திருந்தது என்பது வேறு விஷயம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்களிடமும் ஒரு தாள் இருந்தது, உங்களுடையதைப் போல. வறுமையை அளக்கிற தாள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூரை எது, அடுப்பு எது, வீட்டில் எத்தனை நாற்காலி என்றெல்லாம் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டும். மொத்த மதிப்பெண் ஒரு கோட்டைத் தாண்டினால் அந்தக் குடும்பம் வறுமையிலிருந்து மீண்டது.

பொத்தான்காரி வீட்டுக்கு நான்தான் தாளை எடுத்துக்கொண்டு போனேன். கூரை அதே தகரம். அடுப்பு அதே அடுப்பு. மெஷின் இருந்த மேசையும் போய்விட்டிருந்தது. ஆனால் முதல் கேள்வி என்ன தெரியுமா? வீட்டில் மொத்தம் எத்தனை பேர். போன வருஷம் ஐந்து பேர். இந்த வருஷம் நான்கு. ஆள் குறைந்தால் மதிப்பெண் கூடும், ஏனென்றால் இருப்பதைப் பங்கு போடத் தலை குறைவு. இரண்டாம் கேள்வி, கைக்குழந்தை உண்டா. இல்லை. அதற்குத் தனி மதிப்பெண். கூட்டினேன். சரியாகக் கோட்டுக்கு ஒன்று மேலே வந்தது. தவறாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி கூட்டினேன். அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். "நீ மேல வந்துட்டம்மா" என்று சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை, கடன் பெற்றவருக்கு முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று தாளின் அடியில் இருக்கிறது. மூத்த பெண் கதவோரம் நின்றிருந்தாள். புளிப்பு மிட்டாயை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் பெண் என்னோடு பேசியதே இல்லை.

அந்த வருஷம் என் பகுதியில் அறுபத்தொரு வீடு கோட்டைத் தாண்டியது. விழா வைத்துச் சான்றிதழும் இதோ இந்தச் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். பத்து நிமிடம் மெதுவாக ஓடும், ஆனால் நிற்கவில்லை. கேக் வெட்டினார்கள். பெரிய துண்டாக, மேலே வெள்ளைக் கிரீமோடு, எனக்குத்தான் முதலில் ஊட்டினார்கள். வெயிலில் இருந்ததோ என்னவோ, கிரீம் புளித்திருந்தது. அந்த வாடை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து பால் சேர்ந்த எதையும் என்னால் தொட முடிவதில்லை. மருமகள் கறுப்பு டீதான் போட்டுத் தருவாள். கையைக் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது, பாருங்கள். வயசாகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

ஆக, டிக் போடுங்கள். குறைக்கிறது.

பேனாவை மூடிவிட்டீர்கள். கிளம்புவதற்குள் இன்னொன்று. விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்காத ஒன்றை, மில்காரர் கேட்டார். அன்று நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, முகமெல்லாம் மாவாக வந்து பக்கத்தில் நின்றார். "அந்தப் பொத்தான்காரி வீட்டுப் பெரிய பொண்ணு உங்க கதவுகிட்ட ரொம்ப நேரம் நின்னுட்டிருந்துச்சே, உள்ள வந்துச்சா?" என்றார். நான் பார்க்கவில்லை என்றேன். அதுவும் உண்மைதான். எனக்கு முதுகில் கண் கிடையாது.

அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. நாற்காலியின் முதுகு அதில் முட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் நகர்ந்தால் பெரிய பொம்பளையே நுழைவாள், ஏழு வயதுக்கு அரைச் சாண் போதும். அதற்காக அது காற்று இல்லை என்று ஆகிவிடுமா? காலண்டர் தாள் அசையவில்லையே என்பீர்கள். தாள் எண்ணெய்ப் பிசுக்கில் சுவரோடு ஒட்டியிருந்திருக்கலாம். மூன்று தடவை தள்ளியது, மூன்றாவது தடவை இரண்டாவதைவிட மெதுவாக. நான் அழுத்தி உட்கார்ந்தேன். மில் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை, எனக்குத்தான் காது கதவோரம் இருந்தது. காற்று என்றே எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. கதவிடுக்கில் வாயை வைத்து, "நாற்காலி மாமா, கொஞ்சம் எந்திரிங்க, பாப்பா முழிக்க மாட்டேங்குது" என்று சொன்னதும் அதே காற்றுதான்.